கணினிக்கும் மறுநடவு உண்டு

பால்மரக் காடுகளில் உழைத்துப் பழகிய நம் மக்களுக்கு மறுநடவு என்பது புதிய சொல்லன்று. பால் வற்றிய முதிய மரங்களைச் சாய்த்து, அடிக்கட்டைகளையும் வேர்களையும் அகற்றி, நிலத்தைத் தூய்மைப்படுத்திய பின்னரே புதிய கன்றுகளை நடுகின்றனர். பழைய கட்டை மண்ணுக்குள் கிடந்துவிட்டால் என்ன நேரும் என்பதையும் நாம் அறிவோம். அதில் ஒட்டியிருக்கும் வெள்ளை வேர் நோய், மண்ணுக்குள்ளேயே பரவி இளங்கன்றின் வேரைப் பற்றிக்கொள்ளும். நோய் மேலே தெரியும்போது கன்றைக் காப்பாற்றும் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும்.

நம் இல்லங்களில் இன்று இடம்பெற்றுள்ள கணினிக்கும் இத்தகைய மறுநடவு சில வேளைகளில் தேவைப்படுகின்றது. அதன் வட்டிலுள்ள அனைத்தையும் அழித்து, அதனை இயக்கும் அடிப்படை மென்பொருளைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் பதிப்பதே அந்த வேலை. இதனை முறையாகச் செய்தால் பயனற்றதெனக் கருதிய கணினி மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். முறை தவறிச் செய்தாலோ, பிள்ளைகளின் படிப்புக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் முக்கியப் பத்திரங்களும் ஒரு மணி நேரத்தில் மறைந்து போகும். ஆதலால் இவ்வேலையின் இயல்பை ஒவ்வொரு குடும்பமும் அறிந்து வைத்திருப்பது நலம்.

கேமரன் மலையில் காணும் நிலை

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1885ஆம் ஆண்டில் அங்கு நில அளவை மேற்கொண்ட வில்லியம் கேமரன் என்பாரின் பெயரால் அம்மலை வழங்கப்பெறுகின்றது. 1929ஆம் ஆண்டில் அங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. பின்னர்ப் பிற தோட்டங்களும் எழுந்தன. காட்டை வெட்டி, சரிவுகளைச் செப்பனிட்டு, அத்தோட்டங்களை உருவாக்கிய உழைப்பில் தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அம்மலைத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் நம் பால்மரத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கணினி பழுதுபட்டால் அதனை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ பிரிஞ்சாங்குக்கோ போக வேண்டும். அங்கும் இயலாவிட்டால் வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலை வழியே தாப்பாவுக்கு இறங்க வேண்டும். பள்ளத்தாக்குகளில் இணைய அலை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. மலைக்காற்றின் ஈரம் மின்கருவிகளுக்கு உகந்ததன்று. கடையும் இணையமும் தொலைவில் இருக்கும் இடத்தில், கணினியைப் பற்றிய அடிப்படை அறிவு வீட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்து, பள்ளிகள் மூடப்பெற்று, பாடங்கள் இணையத்திற்கு மாறியபோது, வசதி குறைந்த குடும்பங்கள் பலவும் கடன்பட்டேனும் ஒரு கணினியை வாங்கின. பழைய கணினியை மலிவு விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. அந்தக் கணினிகள் இன்று முதுமை எய்தி வருகின்றன.

இந்நிலையில் இன்னொரு மாற்றமும் வந்து சேர்ந்தது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் இருந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு வழங்கி வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை, 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. தனிப்பட்ட பயனீட்டாளர்கள் பதிந்துகொண்டால் 2026ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் வரை நீட்டிப்புப் பெறலாம் என்றும் அது அறிவித்தது. இதனால் "கணினியை என்ன செய்வது?" என்னும் வினா பல வீடுகளில் எழுந்துள்ளது.

இயங்குதளம் என்பது யாது?

தோட்டத்தில் ஆட்கள் இருக்கின்றனர், கருவிகள் இருக்கின்றன, மரங்களும் இருக்கின்றன. எனினும், பிரட்டு எடுத்து, இன்னார் இந்த நிரையில் வெட்ட வேண்டும் என்று பகிர்ந்து கொடுக்கக் கங்காணி இல்லையெனில் வேலை நடவாது. கணினியில் அப்பணியைச் செய்வதே இயங்குதளம். விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி ஆகிய உறுப்புகளுக்கும், எழுதவும் படம் பார்க்கவும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையில் நின்று வேலையைப் பகிர்ந்தளிப்பது அதுவே. விண்டோஸ், மேக் ஓ.எஸ்., லினக்ஸ் ஆகியவை இயங்குதளங்களாகும்.

இயங்குதளமும் நம் கோப்புகளும் பொதுவாக ஒரே வட்டில்தான் தங்கியுள்ளன. வட்டு இருவகைப்படும். சுழலும் தகடுகளைக் கொண்டது வன்தட்டு. சுழலும் உறுப்பு ஏதுமின்றி மின்னணுச் சில்லுகளால் ஆனது எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலை வட்டு. இயங்குதளத்தை மாற்ற வட்டை முழுவதும் அழிக்கும்போது நம் கோப்புகளும் உடன் அழிகின்றன. இவ்வேலையில் இழப்பு நேர்வதற்கு முதற் காரணம் இதுவே.

கவாத்தா, மறுநடவா?

தேயிலைத் தோட்டத்தில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவாத்துச் செய்வார்கள். கிளைகளை வெட்டிவிடுவார்கள், வேரும் அடித்தண்டும் அப்படியே இருக்கும். செடி மீண்டும் துளிர்த்து, பறிப்பதற்கு வேண்டிய கொழுந்தைக் கொடுக்கும். செடி முழுதும் நோயுற்றால் அதனைப் பிடுங்கிவிட்டு வேறு செடி நடுவார்கள். கணினிக்கும் இவ்விரு வழிகள் உள்ளன.

கவாத்துக்கு ஒப்பானது, விண்டோஸிலேயே அமைந்துள்ள "ரீசெட் திஸ் பி.சி." என்னும் வசதி. அமைப்புகள் பகுதியில் "ரிகவரி" என்னும் தலைப்பின் கீழ் இதனைக் காணலாம். இதில் "கீப் மை பைல்ஸ்" என்பதைத் தெரிவு செய்தால் நம் கோப்புகள் இருக்கும், நாம் பின்னர்ச் சேர்த்த மென்பொருள்கள் நீங்கும், இயங்குதளம் புதுப்பிக்கப்படும். "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதைத் தெரிவு செய்தால் கோப்புகளும் நீங்கும்.

மறுநடவுக்கு ஒப்பானது, வெளியிலிருந்து ஒரு பென்டிரைவ் மூலம் கணினியைத் தொடக்கி, வட்டில் இருந்த பிரிவுகளை எல்லாம் நீக்கிவிட்டு, வெற்றிடத்தில் இயங்குதளத்தைப் பதிப்பது.

எதனை எப்போது செய்வது? கணினி மெதுவாகிவிட்டது என்ற ஒரே காரணத்திற்காக மறுநடவில் இறங்க வேண்டுவதில்லை. முதலில், வட்டு நிரம்பி வழிகின்றதா என்று பாருங்கள். தேவையற்ற மென்பொருள்களை நீக்குங்கள். காற்றாடியில் தூசி அடைத்துக் கணினி சூடேறுகின்றதா என்று கவனியுங்கள். பழைய வன்தட்டு உள்ள கணினிக்கு அதனை எடுத்துவிட்டுத் திடநிலை வட்டைப் பொருத்தினாலே வேகம் பெரிதும் கூடும். வன்தட்டிலிருந்து "டக், டக்" என்னும் ஒலி எழுந்தாலும் கோப்புகள் அடிக்கடி திறவாமற் போனாலும், வட்டே சாகும் தறுவாயில் இருக்கலாம். அப்போது இயங்குதளத்தை எத்தனை முறை பதித்தும் பயனில்லை. கோப்புகளை உடனே வேறிடத்திற்கு மாற்றிவிட்டு வட்டை மாற்றுவதே வழி.

அமைப்புகளின் குளறுபடியால் கணினி தடுமாறினால் கவாத்துப் போதும். ஆனால், நச்சுநிரல் புகுந்து வங்கிக் கணக்குக்கே ஆபத்து என்று ஐயம் எழுந்தாலும், முன்பின் அறியாதவரிடமிருந்து பழைய கணினியை வாங்கியிருந்தாலும், வேறோர் இயங்குதளத்திற்கு மாற விரும்பினாலும் மறுநடவே தக்கது. நோயுள்ள கட்டையை மண்ணுக்குள் விட்டுவிட்டுக் கன்று நடுவதால் பயனில்லை அன்றோ?

பாதுகாப்புத் திருத்தம் இல்லாத கணினிக்கு நேரக்கூடியதை உலகம் 2017ஆம் ஆண்டில் கண்டது. அவ்வாண்டு மே 12ஆம் நாள் 'வானாக்ரை' என்னும் நச்சுநிரல் 150 நாடுகள் வரை பரவி, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளிலிருந்த கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சு மாதத்தில் வெளியிட்டிருந்தது. அதனைப் பதித்துக்கொள்ளாத கணினிகளே வீழ்ந்தன. வீழ்ந்தவர்களிலும், கோப்புகளின் படியை வேறிடத்தில் வைத்திருந்தவர்கள் வட்டை அழித்து, இயங்குதளத்தை மீண்டும் பதித்து, பணம் கொடாமலேயே வேலையைத் தொடர முடிந்தது.

விதையைக் காத்த பின் நிலத்தை அழியுங்கள்

வட்டை அழிப்பது எளிய வேலை. சில நொடிகளில் முடிந்துவிடும். அழிப்பதற்கு முன் காத்துவைப்பதே உண்மையான வேலை. அதற்கு ஒரு முழுநாள் ஆனாலும் தகும்.

கோப்புகளை வெளிவட்டு ஒன்றிலோ பெரிய பென்டிரைவிலோ படியெடுங்கள். ஒரே படியை நம்பியிருத்தல் கூடாது. முக்கியமானவற்றை இணையச் சேமிப்பிலோ, உறவினர் வீட்டில் இருக்கும் மற்றொரு வட்டிலோ இரண்டாவது படியாக வைத்திடுங்கள். தீயோ வெள்ளமோ திருட்டோ ஒரு வீட்டைத் தாக்கினாலும் மறு வீட்டுப் படி எஞ்சும்.

எவற்றைப் படியெடுப்பது? "டாக்குமெண்ட்ஸ்", "பிக்சர்ஸ்" ஆகிய கோப்புறைகளைப் பலரும் நினைவில் கொள்கின்றனர். திரையின் முகப்பிலும் "டவுன்லோட்ஸ்" கோப்புறையிலும் கிடப்பவற்றை மறந்துவிடுகின்றனர். பிறப்புப் பத்திரம், மைகார்டு, எஸ்.பி.எம். சான்றிதழ், ஊழியர் சேமநிதி அறிக்கை, சொக்சோ பத்திரங்கள், நிலவரி இரசீது ஆகியவற்றை வருடியெடுத்த படிகள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களும் வட்டோடு போய்விடக் கூடும். அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல் தெரியாமல் எவரும் இவ்வேலையைத் தொடங்குதல் ஆகாது. பிற கணக்குகளை மீட்பதற்கு அதுவே வாயில்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு பூட்டு முறையில் காக்கப்பட்டிருக்கும். அதற்குரிய மீட்புச் சாவி 48 இலக்கங்களைக் கொண்டது. பெரும்பாலும் அது உரிமையாளரின் மைக்ரோசாப்ட் கணக்கில் பதிந்திருக்கும். கணினியின் தொடக்க அமைப்புகளில் கை வைப்பதற்கு முன் அதனைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இடையில் கணினி அதனைக் கேட்டு நின்றுவிட்டால், வட்டிலுள்ளவற்றைத் திறக்க வேறு வழி கிடையாது.

படியெடுத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணற்க. வெளிவட்டை மற்றொரு கணினியில் பொருத்தி, படங்கள் சிலவற்றையும் பத்திரங்கள் சிலவற்றையும் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாமற் போவதுண்டு. திறந்து பார்த்த படியே நம்பத்தக்க படி.

பழைய தமிழ்க் கோப்புகள்

தமிழர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். அதன் பின் வந்த ஆண்டுகளில் பலவகைத் தமிழ் எழுத்துருக்கள் தோன்றின. ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. திஸ்கி, தாப், தாம் ஆகியவை அவற்றுள் சில. இன்று உலகெங்கும் வழங்கும் யுனிகோடு முறை விண்டோஸ் 2000 பதிப்பு முதல் தமிழுக்கும் கிடைத்தது. எனினும் பழைய முறைகளில் தட்டச்சு செய்வது பல ஆண்டுகள் நீடித்தது.

ஆலய நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகள், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்க அறிக்கைகள், தோட்டத்து நாடகங்கள், திருமண அழைப்பிதழ்கள், முதியோர் எழுதி வைத்த குடும்ப வரலாறு ஆகியன பழைய எழுத்துருவில் இன்றும் பல கணினிகளில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இருக்கும் வரை அவை தமிழாகத் தெரியும். வட்டை அழித்து, எழுத்துருவும் போய்விட்டால், அதே கோப்பைத் திறக்கும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மட்டுமே தென்படும். கோப்பு இருந்தும் படிக்க இயலாத நிலை அது.

ஆதலால் வட்டை அழிப்பதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பழைய எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்துப் படியெடுங்கள். தமிழ் ஆவணங்களை, எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எப். வடிவில் ஒரு படியாகச் சேமியுங்கள்; அதனை எந்தக் கணினியிலும் படிக்கலாம். பின்னர், எழுத்துரு மாற்றி மென்பொருள் கொண்டு யுனிகோடுக்கு மாற்றி மற்றொரு படியையும் வையுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பல ஊர்களுக்குப் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், அத்தோட்டங்களின் வரலாறு இத்தகைய கோப்புகளில்தான் எஞ்சியுள்ளது. அறியாமையால் அதனை அழித்துவிடல் ஆகாது.

பதிக்கும் முறை

அடுத்து, எந்த இயங்குதளத்தைப் பதிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். விண்டோஸ் 11 வேண்டுமெனில், கணினியில் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் வட்டும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் இருத்தல் வேண்டும். செயலியும் மைக்ரோசாப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் தகுதி பெறும். உரிமம் பெற்ற விண்டோஸ் 10 உள்ள தகுதியான கணினிக்கு விண்டோஸ் 11 இலவசமாகவே கிடைக்கின்றது. அதே கணினியில் அதே பதிப்பை மீண்டும் பதித்தால், இணையத்தில் இணைந்ததும் உரிமம் பொதுவாகத் தானே உறுதி பெறும்.

தகுதியில்லாக் கணினியைக் குப்பையில் எறிய வேண்டுவதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்களுள் ஒன்றை அதில் பதிக்கலாம். இவை விண்டோஸுக்கு எவ்விதத்திலும் குறைந்தவை என்று கருதற்க. கேரள மாநிலத்துப் பள்ளிகளில் 2019ஆம் ஆண்டிலேயே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டிருந்தன. எழுதுதல், கணக்கிடுதல், இணையத்தில் கற்றல் ஆகியவற்றுக்கு இது போதும். ஆனால், பள்ளியோ கல்லூரியோ குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளைக் கட்டாயமாகக் கேட்டால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுதல் நலம். லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, ஒத்துவருகின்றதா என்று அறிந்த பின்னர் வட்டில் பதிக்கலாம்.

பதிப்புக் கோப்பினை அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். விண்டோஸ் 11 கோப்பு 5 ஜிகாபைட்டுக்கும் மேற்பட்டது. அலை குறைந்த இடங்களில் உள்ளோர் பட்டணத்திலோ, அரசாங்கம் பல வட்டாரங்களில் அமைத்துள்ள நாடி இணைய மையத்திலோ இதற்கு உதவி கேட்கலாம். குறைந்தது 8 ஜிகாபைட் கொண்ட பென்டிரைவ் தேவை. அதில் முன்பு இருந்தவை யாவும் அழியும் என்பதை மறத்தல் கூடாது.

"எல்லா மென்பொருளும் சேர்த்து, உரிமமின்றி, மலிவாகப் போட்டுத் தருகிறோம்" என்று கூறுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உரிமப் பூட்டை உடைக்கும் மென்பொருள்கள் பலவற்றில் நச்சுநிரல் மறைந்திருக்கும். அவ்வாறு பதித்தால், தூய்மைப்படுத்திய நிலத்தில் நாமே நோய்க் கட்டையைப் புதைத்தவர்கள் ஆவோம்.

வேலையைத் தொடங்கும்போது பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள்.

1. படிகள் உள்ள வெளிவட்டைக் கணினியிலிருந்து கழற்றி வேறு அறையில் வையுங்கள். கை தவறி அதனை அழித்துவிட்டோர் பலர்.

2. மடிக்கணினியாயின் மின்கலத்தை முழுதும் ஏற்றி, மின்னிணைப்பிலும் வையுங்கள். இடியும் மழையும் உள்ள மாலைப்பொழுதைத் தவிர்த்துக் காலையில் தொடங்குங்கள். பதிக்கும் இடையில் மின்சாரம் நின்றால் வேலை கெடும்.

3. பென்டிரைவைப் பொருத்திக் கணினியைத் தொடக்கி, தொடக்கப் பட்டியலைத் திறவுங்கள். நிறுவனத்திற்கேற்ப எஃப் 2, எஃப் 12, எஸ்கேப், டெலீட் ஆகிய விசைகளுள் ஒன்று அதற்குரியதாக இருக்கும்.

4. திரையில் வட்டின் பிரிவுகள் வரிசையாகத் தோன்றும்போது சற்று நிறுத்துங்கள். கணினியில் இரு வட்டுகள் இருந்தால், எது எதுவென்று அவற்றின் அளவைக் கொண்டு உறுதி செய்யுங்கள். சரியான வட்டின் பிரிவுகளை மட்டும் நீக்குங்கள். இதற்குப் பின் திரும்பும் வழி இல்லை.

5. வெற்றிடத்தைத் தெரிவு செய்து பதிப்பைத் தொடருங்கள். கணினி தானே சில முறை நின்று தொடங்கும். அப்போது அதனை அணைத்துவிடாதீர்கள்.

பதித்த பின்

புதிய கன்றுக்கு முதற் சில மாதங்களில் கவனிப்பு வேண்டும் அன்றோ? இயங்குதளத்திற்கும் அப்படியே. இணையத்தில் இணைந்தவுடன் பாதுகாப்புத் திருத்தங்கள் யாவற்றையும் பதியுங்கள். விண்டோஸுடன் இணைந்தே வரும் பாதுகாப்பு மென்பொருள் இயங்குகின்றதா என்று பாருங்கள். வீட்டுப் பயன்பாட்டுக்கு அது பெரும்பாலும் போதும். பிள்ளைகளுக்கு மென்பொருள் பதிக்கும் அதிகாரமில்லாத தனிக் கணக்கைத் திறந்து கொடுங்கள். தமிழ் 99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் இன்றைய விண்டோஸிலேயே உள்ளன, வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கோப்புகளைத் திருப்பிச் சேர்க்கும்போது நச்சுநிரல் சோதனை செய்து, தேவையானவற்றை மட்டும் கொண்டுவாருங்கள். படங்களும் ஆவணங்களும் வரலாம். பழைய மென்பொருள்களை வெளிவட்டிலிருந்து அப்படியே இழுத்துப் போடுதல் கூடாது. அவற்றைப் புதிதாக இறக்கிப் பதிப்பதே முறை. நச்சுநிரலுக்கு அஞ்சி இவ்வேலையைச் செய்திருந்தால், மின்னஞ்சல், வங்கி, சேமநிதி ஆகியவற்றின் கடவுச்சொற்களை எல்லாம் மாற்றுங்கள். வங்கியிலிருந்து பணம் களவு போனதாகத் தெரிந்தால், கணினியைச் செப்பனிடுவதற்கு முன்னரே வங்கியையும், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்னும் எண்ணையும் உடனே அழையுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும்.

கடையில் கொடுக்கும்போதும் கணினியை விற்கும்போதும்

எல்லாரும் இவ்வேலையைத் தாமே செய்ய வேண்டுமென்பதில்லை. கடையில் கொடுப்பதில் தாழ்வொன்றும் கிடையாது. ஆயினும், கொடுக்கும்போது சிலவற்றைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கோப்புகளைக் காத்து வைப்பீர்களா, அழித்துவிடுவீர்களா? பதிக்கும் விண்டோஸ் உரிமம் பெற்றதா? வட்டை மாற்றினால் பழைய வட்டைத் திருப்பித் தருவீர்களா? கூலி எவ்வளவு? இவற்றை இரசீதிலேயே எழுதி வாங்குவது நன்று. கோப்புகளை நாமே முன்கூட்டிப் படியெடுத்துவிட்டால் கடைக்காரருக்கும் வேலை எளிது, நமக்கும் கவலையில்லை. வங்கிக் கடவுச்சொல்லை எவருக்கும் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

பழைய கணினியை விற்பவர்களும் பிறருக்குக் கொடுப்பவர்களும் மற்றொன்றையும் உணர வேண்டும். கோப்பை நீக்கினாலும், வட்டை விரைவு முறையில் வடிவமைத்தாலும், எழுத்து அழிவதில்லை. எங்கே என்ன இருக்கின்றது என்னும் அட்டவணை மட்டுமே அழிகின்றது. பெயரேட்டைக் கிழித்துவிட்டால் தோட்டத்து ஆட்கள் இல்லாமற் போய்விடுவார்களா? அதனைப் போன்றதே இதுவும். தக்க மென்பொருள் கொண்டு அக்கோப்புகளை மீட்டுவிட இயலும்.

அமெரிக்காவில் சிம்சன் கார்பிங்கல், அபி ஷெலாட் என்னும் இரு ஆய்வாளர்கள், பிறர் பயன்படுத்தி விற்ற 158 வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 129 இயங்கும் நிலையில் இருந்தன. அந்த 129இல் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்களும் மருத்துவச் செய்திகளும் சொந்தக் கடிதங்களும் கிடைத்தன. விற்றவர்களுள் பலர், யாவும் அழிந்துவிட்டதாகவே நம்பியிருந்தனர்.

ஆகவே, விற்பதற்கு முன் "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதுடன் "கிளீன் டேட்டா" என்னும் தெரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுழலும் வன்தட்டாயின், விரைவு முறையை விலக்கி முழு வடிவமைப்புச் செய்தால், வட்டு முழுதும் புதிதாக எழுதப்பட்டுப் பழையது மறையும். பல மணி நேரம் ஆகலாம், பொறுத்திருங்கள். திடநிலை வட்டின் அமைப்பு வேறு. மேலே எழுதுவதால் எல்லா இடமும் அழிந்துவிட்டது என்று உறுதி கூற இயலாது. அதனைத் தயாரித்த நிறுவனம் வழங்கும் துடைப்பு மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும்; வட்டைத் தொடக்கத்திலிருந்தே பூட்டு முறையில் வைத்திருப்பது இன்னும் சிறந்தது.

நம் கடமை

ஒரு தலைமுறைக்கு முன் நம் பத்திரங்கள் தகரப் பெட்டியில் இருந்தன. பெற்றோர் அதனைப் பூட்டி, சாவியைப் பத்திரமாக வைத்துக் காத்தனர். குடியுரிமைக்கும் ஓய்வுகாலப் பணத்திற்கும் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கும் அப்பெட்டியிலிருந்த தாள்களே துணை நின்றன. இன்று அத்தாள்களின் படிகளும், பிள்ளைகளின் பாடங்களும், மறைந்த முன்னோரின் படங்களும் கணினிக்குள் சேர்ந்துவிட்டன. பெட்டி மாறியதே தவிர, காக்கும் கடமை மாறவில்லை.

கணினியை அழித்துப் புதுப்பிக்கும் தேவை எழும் நாள் வரை காத்திராமல், இவ்வாரத்திலேயே முக்கியக் கோப்புகளுக்கு இரு படிகள் எடுத்து வையுங்கள். வீட்டில் கணினி அறிந்த பிள்ளை இருந்தால், பெற்றோரும் உடன் அமர்ந்து எது எங்கே இருக்கின்றது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த அரை நாள் உழைப்பை இன்றே மேற்கொண்டால், கணினி என்று பழுதுபட்டாலும் அஞ்சாமல் அதனைத் துடைத்துப் புதுப்பிக்கலாம்.